பச்சைப் பாட்டில் வேறு, பானை வேறு: கொரிய அரிசி மது பற்றி ஓர் எளிய விளக்கம்

கொரிய நாடகம் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பச்சைப் பாட்டிலைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வேலை போனாலும் காதல் போனாலும் தெருவோரக் கூடாரக் கடையில் உட்கார்ந்து, சின்னக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்களே, அதுதான் சோஜு. இதுவரை குழப்பம் இல்லை. ஆனால் அதற்கு மேல் நம்மிடையே சொல்லப்படுவதில் பாதி தப்பு. "கொரியர்கள் ஆயிரம் வருடமாகக் குடித்துவரும் பாரம்பரிய அரிசி ஒயின்" என்று சோஜுவைப் பற்றி எழுதிவிடுகிறார்கள். பச்சைப் பாட்டிலில் இருப்பது ஒயின் இல்லை. பெரும்பாலும் அரிசியும் இல்லை. இன்றைய வடிவில் அதற்கு வயது அறுபது சொச்சம்தான். இன்னொரு பக்கம், வெள்ளையாக இருப்பதாலேயே மக்கொல்லி என்ற பானத்தைப் பாலில் செய்தது என்று நினைப்பவர்களும் உண்டு.

கொரியாவில் உண்மையான அரிசி மது இருக்கிறது, அது பழையதும்கூட. ஆனால் அது எங்கிருந்து தொடங்குகிறது என்று தெரியாமல் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்தால் குழப்பம் தீராது. அதனால் அரிசி எப்படி மது ஆகிறது என்பதிலிருந்தே போவோம்.

கள் தானாக ஆகும், அரிசி ஆகாது

பனையிலோ தென்னையிலோ பாளையைச் சீவிக் கலயம் கட்டினால், சுண்ணாம்பு தடவாத வரை, இறங்குவது சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். யாரும் எதையும் சேர்க்க வேண்டாம். காரணம், பாளையிலிருந்து சொட்டும் சாறே இனிப்பு. காற்றிலும் கலயத்திலும் ஈஸ்ட் என்ற கண்ணுக்குத் தெரியாத உயிரி இருக்கிறது, அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகிறது. இதற்குப் பெயர் நொதித்தல். திராட்சை ஒயினும் இப்படித்தான், பழத்தில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது.

அரிசியில் அப்படி இல்லை. அதில் இருப்பது மாவுச்சத்து, அதாவது ஏராளமான சர்க்கரைத் துண்டுகள் ஒன்றோடொன்று கோத்த நீண்ட சங்கிலி. சர்க்கரை உள்ளேதான் இருக்கிறது, ஆனால் ஈஸ்ட்டின் வாய்க்குள் அந்தச் சங்கிலி நுழையாது. முதலில் யாராவது வெட்டிக் கொடுக்க வேண்டும். அப்படி வெட்டும் வேலையைச் செய்யும் புரதத்துக்கு நொதி என்று பெயர்.

அப்படியானால் நொதிக்கு எங்கே போவது? பீர் செய்கிறவர்கள் பார்லியை முளைகட்டுகிறார்கள், முளைக்கும் தானியம் தன் மாவுச்சத்தைத் தானே உடைப்பதற்காக நொதியை உண்டாக்கிக்கொள்கிறது. கிழக்கு ஆசியா வேறு வழி பிடித்தது. பூஞ்சையை வளர்த்து, அதனிடம் வேலை வாங்கியது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அரிசி மதுவுக்கு இரண்டு ஆட்கள் வேண்டும். மாவுச்சத்தை வெட்டப் பூஞ்சை, வெட்டியதைத் தின்ன ஈஸ்ட். கொரியாவில் இந்த இருவரும் குடியிருக்கிற இடத்துக்குப் பெயர் நூருக்.

நூருக் என்ற கட்டி

பார்ப்பதற்கு நூருக் ஒன்றும் பிரமாதமில்லை. கோதுமையை நொய்யாக உடைத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, துணியில் சுற்றி, வட்டமாகவோ சதுரமாகவோ அழுத்திய கட்டி அது. அழுத்துவது காலால்! குதிகாலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். பிறகு வைக்கோல் பரப்பிய வெதுவெதுப்பான அறையில் சில வாரம் விட்டுவிட்டால், வைக்கோலிலும் காற்றிலும் தானியத்திலும் இருக்கிற பூஞ்சைகள், ஈஸ்ட்டுகள், தயிரைப் புளிக்கவைக்கும் வகையைச் சேர்ந்த லாக்டிக் பாக்டீரியாக்கள் எல்லாம் கூட்டமாக வந்து குடியேறும். கட்டி மஞ்சளும் சாம்பலுமாக நிறம் மாறி, மண்வாசனையோடு காய்ந்து கிடக்கும்.

கோதுமை என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். ஆம், கொரிய அரிசி மதுவில் பெரும்பாலும் கோதுமையும் உண்டு. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் "அரிசிதானே" என்று நம்பிக் குடித்துவிடக் கூடாது.

ஜப்பானின் அரிசி மதுவான சாகேயோடு வித்தியாசம் வருவது இங்கேதான். சாகேக்கு வேகவைத்த அரிசியில் தேர்ந்தெடுத்த ஒரே வகைப் பூஞ்சையைத் தூவி வளர்ப்பார்கள், அதற்கு கோஜி என்று பெயர். சுத்தமான, கணிக்கக்கூடிய வழி. நூருக்கில் வேகவைக்காத தானியம், யார் யார் வந்து குடியேறுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் சுவையும் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். ஒரு பானை தேன்போல வரும், அடுத்தது முகம் கோணுகிற அளவுக்குப் புளிக்கும். எனக்கு இந்த நிச்சயமின்மைதான் பிடித்திருக்கிறது, தொழிற்சாலை முதலாளிகளுக்குப் பிடிக்காமல் போனதும் இதேதான்.

பானைக்குள் நடப்பது

அரிசியை நிறையத் தடவை கழுவி, ஊறவைத்து, ஆவியில் வேகவைப்பார்கள். குழையக் கூடாது, விறைப்பான சோறாக இருக்க வேண்டும். அதை ஆறவிட்டு, பொடித்த நூருக்கும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து ஓங்கி என்னும் மண் பானையில் போட்டுவிட்டால் மனிதர்களின் வேலை கிட்டத்தட்ட முடிந்தது.

பீரில் முதலில் மாவுச்சத்து முழுவதையும் சர்க்கரையாக்கி, அப்புறம்தான் ஈஸ்ட்டைச் சேர்ப்பார்கள். நூருக் பானையில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. பூஞ்சையின் நொதி ஒரு பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் போட, ஈஸ்ட் அதைச் சூட்டோடு சூடாகத் தின்றுவிடுகிறது. சர்க்கரை ஒரேயடியாகக் குவிந்தால் ஈஸ்ட் திணறும், இங்கே அது நடப்பதில்லை. அதனால் காய்ச்சாமலே ஆல்கஹால் 15 சதவீதத்துக்கு மேல், சில பானைகளில் 18 வரைகூட ஏறிவிடும். சாதாரண பீர் 5, ஒயின் 12 முதல் 14 என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு என்று புரியும். லாக்டிக் பாக்டீரியா இதற்கு நடுவில் புளிப்பை ஏற்றி, வேண்டாத கிருமிகளை அண்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

ஒரே தடவை போட்டுப் பிசைந்தால் ஓரிரு வாரத்தில் மது தயார். ஆனால் ஈஸ்ட்டுக்கு நடுநடுவே புதுச் சோறு ஊட்டினால் அது இன்னும் பலமாக வளரும், சுவையும் ஆழமாகும். இரண்டு தடவை, மூன்று தடவை சேர்க்கிற முறைகள் இதற்காகத்தான். சம்ஹேஜு என்ற சியோல் மது இதில் உச்சம். பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை சுழன்று வரும் 'பன்றி நாள்' பார்த்து, வருடத்தின் முதல் மாதத்தில் தொடங்கி மூன்று முறை சேர்ப்பார்கள். குளிரில் மெதுவாக முதிர்ந்து அது குடிக்கிற பதத்துக்கு வர நூறு நாள் வரை ஆகும்.

ஒரு பானை, மூன்று மது

எல்லாக் குழப்பமும் தீருகிற இடம் இது. நொதித்து முடிந்த பானையில் சோறு கரைந்த கலங்கல் அடியில் தங்க, மேலே தெளிவான திரவம் நிற்கும். மூங்கிலில் பின்னிய நீளமான கூடையை நடுவில் அமிழ்த்தி, அதற்குள் ஊறி வருகிற தெளிவை மட்டும் மொண்டு எடுத்தால் அது சொங்ஜு, அல்லது யாக்ஜு. பெரியவர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் மூதாதையர் படையலுக்கும் போனது இது.

மிச்சத்தில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் கரகரவென்று பிழிந்தால் வெள்ளையாக வருவது மக்கொல்லி. ஆல்கஹால் 6 சதவீதம் அளவுக்கு இறங்கியிருக்கும், லேசான புளிப்பும் இனிப்பும் நுரையும் இருக்கும், வயலில் வேலை செய்கிறவர்கள் கிண்ணத்தில் குடித்தது. பால் இல்லை, வெண்மை முழுக்க அரிசியின் வண்டல்.

மூன்றாவது, காய்ச்சி வடிப்பது. ஆல்கஹால் 78 டிகிரியில் ஆவியாகும், தண்ணீருக்கு 100 வேண்டும். நொதித்த மதுவைச் சூடாக்கி, முதலில் கிளம்புகிற ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் கடுமையான மது கிடைக்கும். அதுதான் ஆதி சோஜு. இடுப்பு சிறுத்த மண் வாலை (காய்ச்சி வடிக்கும் பாத்திரம்) ஒன்றின் தலையில் குளிர்ந்த நீரை வைத்து, பக்கத்து மூக்கு வழியாகச் சொட்டச் சொட்டப் பிடிப்பார்கள். இந்த வித்தை 13-ஆம் நூற்றாண்டில் மங்கோலியர்களோடு வந்தது. அவர்கள் படை முகாமிட்ட ஆண்டொங், கெசோங், ஜேஜு ஆகிய ஊர்கள்தான் பின்னாளில் சோஜுவுக்குப் பேர்போனவை என்பது தற்செயல் இல்லை. இன்றும் ஆண்டொங் சோஜு 45 சதவீதத்தில் வருகிறது. ஒரு பானை மதுவிலிருந்து கொஞ்சம்தான் சொட்டும், அதாவது ஏகப்பட்ட அரிசி கரைந்துபோகும். விளைச்சல் பொய்த்த வருடங்களில் கொரியாவை ஆண்ட ஜோசொன் வம்ச அரசர்கள் மது காய்ச்சத் தடை போட்டதும் அதனால்தான்.

மூன்றும் ஒரே பானைக்குப் பிறந்தவை என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும். தெளிவாக மொண்டது யாக்ஜு, கலக்கிப் பிழிந்தது மக்கொல்லி, காய்ச்சி வடித்தது சோஜு.

வீட்டுப் பானையை உடைத்தது யார்?

முன்பு இதெல்லாம் கடைச் சரக்கு அல்ல, வீட்டுச் சமையல். 1670 வாக்கில் ஜாங் க்யே-ஹ்யாங் என்ற பெண்மணி ஹங்குல் என்ற கொரிய எழுத்தில் எழுதிவைத்த சமையல் ஏட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மது வடிக்கும் குறிப்புகள்தான். குடும்பத்துக்கு ஒரு மது, அதைக் கற்றுக்கொள்வது மருமகளின் பாடு.

ஜப்பானியர் கைக்கு நாடு போய்க்கொண்டிருந்த 1909-இல் முதல் மது வரிச் சட்டம் வந்தது. 1916-இல் இறுக்கினார்கள், வீட்டில் வடிக்க உரிமம், அதற்கு வரி. 1934-இல் வீட்டு உரிமமே ஒழிந்தது. வரி வசூலிக்க ஆயிரமாயிரம் அடுப்படிகளைவிடச் சில ஆலைகள் வசதி, அவ்வளவுதான் கணக்கு. விடுதலைக்குப் பிறகு வந்த கொரிய அரசும் இந்தச் சட்டத்தைத் தூக்கிப் போடவில்லை. வீட்டில் சொந்த உபயோகத்துக்கு மது வடிக்கலாம் என்று ஆனது 1995-இல்தான். நடுவில் இரண்டு தலைமுறை போய்விட்டது.

அடுத்த அடி பஞ்சத்திலிருந்து வந்தது. கொரியப் போர் முடிந்து சாப்பாட்டுக்கே அரிசி போதாத நாட்டில் அதை மதுவாக்குவது அநியாயம் என்று 1960-களின் நடுவில் தடை போட்டார்கள். மக்கொல்லி அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மாவுக்கு மாறியது. 1977-இல் நல்ல விளைச்சல் வந்ததும் அரிசிக்கு அனுமதி, பிறகு மறுபடி கெடுபிடி, 1990 வாக்கில்தான் முழுசாகத் தளர்ந்தது. ஒரு காலத்தில் நாட்டு மக்கள் அதிகம் குடித்தது மக்கொல்லி. இந்த இருபது சொச்ச வருடத்தில் அது மட்டமான சரக்கு என்ற பெயரை வாங்கிக்கொண்டு பின்னுக்குப் போனது.

வேடிக்கை என்னவென்றால், அரிசியைத் தடை செய்த அதிபர் பார்க் சுங்-ஹீ மக்கொல்லிப் பிரியர். பூசானில் கும்ஜொங் மலைக்கோட்டைக்குள் இருக்கும் ஊரில் பெண்கள் காலால் மிதித்த நூருக்கில் திருட்டுத்தனமாக மக்கொல்லி வடித்து வந்தார்கள். பூசானில் ராணுவத் தளபதியாக இருந்த காலத்தில் அவர் அதைக் குடித்திருக்கிறார். 1979-இல் தனி ஆணை போட்டு அந்த ஊருக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டார். நாட்டின் முதல் 'நாட்டுப்புற மது' அதுதான், இன்றும் அங்கே காலால்தான் மிதிக்கிறார்கள்.

பச்சைப் பாட்டிலின் கதை

1965-இல் தானியத்திலிருந்து நேரடியாகச் சோஜு வடிப்பது தடையானபோது நிறுவனங்கள் வேறு வழி பார்த்தன. மரவள்ளி, சர்க்கரைவள்ளி என்று மலிவாகக் கிடைப்பதை நொதிக்கவைத்து, தொடர்ந்து ஓடும் உயரமான கோபுரங்களில் வடித்தால் 95 சதவீத ஆல்கஹால் வரும். எதிலிருந்து செய்தாலும் அதற்குத் தனி வாசனை இருக்காது, எல்லாம் நீக்கப்பட்டிருக்கும். அதில் தண்ணீரும் இனிப்பூட்டியும் கலந்ததுதான் பச்சைப் பாட்டில். கொரியர்களே இதை 'நீர்த்த சோஜு' என்று தனியாகப் பிரித்துச் சொல்கிறார்கள். மூல ஆல்கஹால் பெரும்பாலும் ஒரே பொது விற்பனை நிறுவனம் வழியாக வருகிறது, அதனால் பிராண்டுகளுக்கு இடையே வித்தியாசத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

ஜின்ரோ நிறுவனம் 1924-இல், இப்போது வட கொரியாவில் இருக்கும் ஓர் ஊரில், 35 சதவீதச் சோஜுவோடு தொடங்கியது. 1965-இல் அது 30 ஆனது, 1973-இல் 25, 1998-இல் 23, 2006-இல் 20-க்குக் கீழே. இப்போது பரவலாக விற்பவை 16 பக்கம் நிற்கின்றன. மலிவு, எங்கும் கிடைக்கும், கறிக்கு நன்றாகப் போகும். உலகத்திலேயே அதிகம் விற்கும் காய்ச்சிய மது பிராண்டு ஜின்ரோதான். அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் அதை ஆண்டொங் சோஜுவின் பேரன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பெயர் மட்டும்தான் ஒன்று.

2015-இல் யூஜா என்ற எலுமிச்சை வகையின் சுவையோடு வந்த சோஜு தொடங்கிவைத்த பழச் சோஜு அலை இதற்கு அடுத்த கட்டம். பீச், திராட்சை, ஸ்ட்ராபெர்ரி எல்லாம் வந்துவிட்டது. குடிக்கச் சுலபம். மிட்டாய் தின்ற மாதிரி இருக்கும்.

புதுசு என்று வருவது எது?

இப்போது கொரியாவில் இளைஞர்கள் மக்கொல்லி ஆலை தொடங்குகிறார்கள், சோஜுவை விஸ்கி மாதிரி விற்கிறார்கள் என்று செய்திகள் பார்க்கிறோம். இதன் பின்னாலும் சட்டம்தான். 1986-இல், ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த, ஒலிம்பிக் நெருங்கிய சமயத்தில், மூன்று பழைய மதுக்களைத் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது அரசு. 2016-இல் சிறு அளவில் வடித்து விற்கும் உரிமத்தை மக்கொல்லிக்கும் யாக்ஜுவுக்கும் விரித்தது. ஒரு சின்னக் கடையின் பின்கட்டிலேயே வடிக்கலாம் என்று ஆனது. 2017-இல் 'பாரம்பரிய மது' என்ற வகையை மட்டும் பொதுவான இணையக் கடைகளிலும் விற்கலாம் என்றார்கள். மற்ற மதுவை வீட்டுக்கு அனுப்ப முடியாத நாட்டில் இது பெரிய கதவு.

புதியவர்கள் செய்வதை உற்றுப் பார்த்தால், சேர்ப்பதைவிட நீக்குவதுதான் அதிகம். மலிவு மக்கொல்லியில் ஆஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு இருக்கும், அதை எடுத்துவிட்டு அரிசியைக் கூட்டுகிறார்கள், அரிசி கூடினால் இனிப்பு தானாக வரும். தண்ணீரைக் குறைக்கிறார்கள். சியோலின் சொங்சு பகுதியில் உள்ள ஹான்காங் ஜுஜோ என்ற ஆலை சியோல் எல்லைக்குள் விளைந்த அரிசியிலேயே செய்கிறது. உல்சானின் பொக்சுன்தோகா, குடும்பத்தில் அம்மா வடித்த முறையை எடுத்து, பாட்டிலுக்குள்ளேயே நொதித்தல் தொடரவிட்டு ஷாம்பெயின் மாதிரிப் பொங்கும் மக்கொல்லியைக் கொண்டுவந்தது, 2012-இல் சியோலில் நடந்த அணுப் பாதுகாப்பு உச்சி மாநாட்டில் அதைப் பரிமாறினார்கள். தெற்குக் கோடியில் ஹேனாம் என்ற ஊரின் ஹேச்சாங் ஆலை 18 சதவீத மக்கொல்லியை ஒரு லட்சம் கொரிய வோனுக்கு மேல் விலைபோட்டது, லேபிளில் ரோல்ஸ் ராய்ஸ் படம்! விளம்பர உத்திதான், இருந்தாலும் மக்கொல்லிக்கு அப்படி விலை போடலாம் என்று யாராவது ஒருவர் தொடங்கித்தானே ஆக வேண்டும்.

சோஜு பக்கம், பீங்கான் செய்யும் ஒரு குழுமம் 2005-இல் ஹ்வாயோ என்ற முழு அரிசிச் சோஜுவைக் கொண்டுவந்தது. 2016-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அமெரிக்கர் நூருக் கொண்டு தோக்கி சோஜு வடிக்கத் தொடங்கினார், பின்னாளில் கொரியாவுக்கே ஆலையை மாற்றினார். 2022-இல் பாடகர் ஜே பார்க் வெளியிட்ட வொன் சோஜுவுக்கு சியோலில் மக்கள் வரிசையில் நின்றார்கள்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. உள்ளூர் விளைபொருளில், வேளாண் நிறுவனம் செய்தால் சட்டப்படி அது 'பாரம்பரிய மது'. அதனால் ஹிப்ஹாப் பாடகரின் புத்தம் புதிய சோஜு பாரம்பரியம், இணையத்தில் விற்கலாம். தாத்தா காலத்திலிருந்து எல்லாரும் குடித்துவரும் பெரிய ஆலை மக்கொல்லி பாரம்பரியம் இல்லை. அதேபோல, நூருக்கை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்த்தால் அந்தத் தெளிவான மதுவுக்கு 'சொங்ஜு' என்று லேபிள் ஒட்ட முடியாது, 'யாக்ஜு' என்றுதான் எழுத வேண்டும். சொங்ஜு என்ற பழைய கொரியப் பெயர் சட்டத்தில் ஜப்பானிய முறை மதுவுக்குப் போய்விட்டது. வரிச் சட்டத்தை வைத்துப் பண்பாட்டைப் பிரித்தால் இப்படித்தான் ஆகும்.

லேபிளில் எதைப் பார்ப்பது

முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். மக்கொல்லி என்றால் சேர்மானத்தில் அரிசி, நூருக், தண்ணீர் மூன்று மட்டும் இருக்கிறதா, ஆஸ்பார்டேம் போன்றவை இருக்கின்றனவா என்று பாருங்கள். நூருக்குக்குப் பதிலாக கோஜி என்றோ தனியாக ஈஸ்ட் என்றோ இருந்தால் அது மோசம் என்று அர்த்தமில்லை, சுவை சுத்தமாகவும் எளிமையாகவும் இருக்கும், அவ்வளவே. சோஜு என்றால் சேர்மானத்தில் அரிசியிலிருந்து காய்ச்சி வடித்தது என்று இருக்க வேண்டும். வெறும் 'ஆல்கஹால்' அல்லது 'எத்தில் ஆல்கஹால்' என்று தொடங்கினால் அது பச்சைப் பாட்டில் ஜாதி, எந்த நிறப் பாட்டிலில் வந்தாலும்.

மக்கொல்லியில் சூடுபடுத்தாத 'பச்சை' வகை, சூடுபடுத்திய வகை என்று இரண்டு உண்டு. முன்னதில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரத்துக்குள் குடித்துவிட வேண்டும், நாளாக ஆக இனிப்பு குறைந்து புளிப்பு ஏறும். ஏற்றுமதியாகி நம் கண்ணில் படுவது பெரும்பாலும் பின்னது, ஈஸ்ட்டைக் கொன்றுவிட்டதால் அதிக நாள் தாங்கும், ஆனால் சுவை கொஞ்சம் தட்டை. அதை மட்டும் குடித்துவிட்டு மக்கொல்லி பிடிக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

வண்டல் அடியில் தங்கியிருப்பதால் பாட்டிலை மெதுவாகச் சாய்த்துக் கலக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் பொக்சுன்தோகா மாதிரிப் பொங்கும் வகையைக் குலுக்கிவிடாதீர்கள். மூடியை லேசாகத் திருகி, நுரை ஏறும்போது மூடி, அடங்கியதும் மறுபடி திருகி, நாலைந்து தடவை இப்படிச் செய்தால் ஏறி இறங்கும் குமிழிகளே வண்டலைக் கலக்கிவிடும். அவசரப்பட்டால் பாதி மது மேசைக்குப் போகும்.